தூங்கினவனுக்கும் நஷ்டஈடு உண்டா?

அல்வால்:

செகந்தராபாத் ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் போய்குடாவை அறியாத தமிழர் இந்தப் பக்கத்தில் குறைவு. 2022ஆம் ஆண்டு மார்ச் 23ந் தேதி விடியற்காலையில் அங்கே ஒரு பழைய சாமான் கிடங்கு தீப்பற்றிக்கொண்டது. கிடங்கின் மாடியில் பன்னிரண்டு தொழிலாளிகள் படுத்திருந்தார்கள். எல்லோரும் பீகாரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒருவர் மட்டும் வெளியே குதித்து உயிர் தப்பினார். மற்ற பதினொரு பேரும் மாண்டனர்.

அன்றே அறிவிப்புகள் வந்தன. பிரதமர் சார்பில் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், தெலங்கானா அரசு சார்பில் 5 லட்சம், பீகார் அரசு சார்பில் 2 லட்சம். பத்திரிகையில் இதைப் படிக்கும் யாருக்கும், “போகட்டும், நஷ்டஈடு கிடைத்துவிட்டது” என்றுதான் தோன்றும். ஆனால் இந்தத் தொகைகளில் ஒன்றுகூட நஷ்டஈடு அல்ல. அது சர்க்கார் மனமிரங்கிக் கொடுக்கும் உதவி. கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். பெரிய விபத்தானால் கிடைக்கும். ஒரே ஒரு ஆள் சாரத்திலிருந்து விழுந்து செத்தால் எந்த மந்திரியும் வரப்போவதில்லை. நஷ்டஈடு என்பது வேறு. அது வேலை கொடுத்தவர் சட்டப்படி பட்டிருக்கும் கடன். விபத்து நடந்த நிமிஷத்திலேயே அந்தக் கடன் பிறந்துவிடுகிறது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது.

இந்த வித்தியாசம் தெரியாததால் நம்மவர்கள் இழக்கும் பணம் கொஞ்சநஞ்சமல்ல.

போய்குடா விபத்து இன்னொரு கேள்வியையும் எழுப்புகிறது. அந்தப் பதினொரு பேரும் அப்போது மூட்டை தூக்கவில்லை, இரும்பு பிரிக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தார்கள். தூங்குகிறவன் வேலையில் இருக்கிறானா? அல்வாலிலும் போலாரத்திலும் லோத்குண்டாவிலும் இருந்துகொண்டு பாலாநகருக்கும் ஜீடிமெட்லாவுக்கும் கட்டட வேலைக்கும் போகிற தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் இந்தக் கேள்விக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

நூறு வருஷத்துச் சட்டம்

வேலையில் அடிபட்டவனுக்கு முதலாளி பணம் தரவேண்டும் என்ற எண்ணம் உலகத்தில் அப்படியொன்றும் பழையது அல்ல. ஜெர்மனியில் 1884ல் விபத்து இன்ஷூரன்ஸ் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் 1897ல் வந்தது. அதற்கு முன்பெல்லாம் அடிபட்டவன் கோர்ட்டுக்குப் போய் முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க வக்கீல் வேண்டும், வக்கீலுக்குப் பணம் வேண்டும். கை போனவனிடம் பணம் ஏது? ஆகவே தவறு யாருடையது என்ற கேள்வியையே புதிய சட்டங்கள் ஒதுக்கி வைத்தன. வேலையால் அடிபட்டாயா? அப்படியானால் பணம் உண்டு. அவ்வளவுதான்.

இந்தியாவில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1923ல் நிறைவேறி 1924 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது. இலங்கையில் 1934ல் வந்தது. இந்தியச் சட்டம் நூறு வருஷத்துக்கு மேல் ஓடியபின், 2025 நவம்பர் 21ந் தேதி சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. பெயரும் ஷரத்து எண்களும் மாறினவே தவிர எலும்புக்கூடு பழையதுதான். அந்தத் தேதிக்கு முன் நடந்த விபத்துகளுக்குப் பழைய சட்டத்தின் உரிமை அழிந்துவிடவில்லை. விபத்து நடந்த நாளே கணக்கு.

எலும்புக்கூடு என்றது ஒரு வாக்கியத்தை. விபத்து “வேலையின் காரணமாகவும் வேலையின் போதும்” நடந்திருக்க வேண்டும். இந்தச் சில சொற்களுக்கு அர்த்தம் சொல்வதிலேயே நம் கோர்ட்டுகள் நூறு வருஷத்தைக் கழித்திருக்கின்றன.

குர்லாவில் ஒரு நள்ளிரவு

1952 டிசம்பர் 20ந் தேதி. பம்பாய் குர்லா ரயில் நிலையத்தில் வேலை பார்த்த ஒருவர், ஸ்டேஷனை ஒட்டிய ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். நள்ளிரவு டியூட்டிக்குச் சில நிமிஷங்கள் முன்னதாக வீட்டிலிருந்து இறங்கினார். இறங்கியதும் யாரோ கத்தியால் குத்திவிட்டுப் போனார்கள். குத்தியவன் யார் என்று தெரியவில்லை. மனைவி நஷ்டஈடு கேட்டார். ‘டியூட்டி ஏறவே இல்லையே, எப்படித் தருவது?’ என்று கேள்வி வந்தது.

கேஸ் பம்பாய் ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. தலைமை நீதிபதி சாக்ளா 1954ல் மனைவியின் பக்கம் தீர்ப்பளித்தார். குவார்ட்டர்ஸிலிருந்து ஸ்டேஷனுக்குப் போக அந்த மனிதருக்கு அந்த வளாகத்தைத் தவிர வேறு வழியில்லை. அந்த நேரத்தில் அந்த இடத்தில் அவர் இருந்ததற்கு ஒரே காரணம் வேலை. வேலை அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. நின்ற இடத்தில் ஆபத்து வந்தது. ஆகவே நஷ்டஈடு உண்டு. லாலாகுடா ஒர்க்‌ஷாப்பிலும் மவுலாலியிலும் இரவு டியூட்டி பார்க்கும் ரயில்வேக்காரர்கள் இந்தத் தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அதே 1952ஆம் ஆண்டில்தான், ஜூன் 12ந் தேதி, போர்பந்தரில் உப்பளத் தொழிலாளிகள் வேலை முடிந்து திரும்பும்போது ஓடையில் படகு கவிழ்ந்து இறந்தார்கள். அவர்கள் குடும்பங்களுக்குக் கிடைக்கவில்லை. அது ஊரார் எல்லோரும் ஏறும் பொதுப் படகு, கம்பெனிப் படகு அல்ல என்று 1958ல் சுப்ரீம் கோர்ட் கூறிவிட்டது. வேலையின் எல்லை தொழிற்சாலை கேட்டைத் தாண்டியும் கொஞ்ச தூரம் நீளலாம், ஆனால் பொது வழிக்கு வந்துவிட்டால் எல்லோரையும் போல நீயும் ஒருவன் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஐந்தே வருஷத்தில் அதே சுப்ரீம் கோர்ட் கொஞ்சம் இறங்கி வந்தது. 1957 ஜூலை 20ந் தேதி பம்பாய் ‘பெஸ்ட்’ பஸ் டிரைவர் ஒருவர் ஜோகேஸ்வரி டிப்போவில் டியூட்டி முடித்து, வீட்டுக்குப் போக இன்னொரு ‘பெஸ்ட்’ பஸ்ஸில் ஏறினார். அந்த பஸ் வழியில் நின்றிருந்த லாரியில் மோதியது. அவர் வெளியே தூக்கி எறியப்பட்டு, சில நாளில் இறந்தார். டிரைவர்கள் காலத்தில் வந்து போகவேண்டும் என்பதற்காகத்தானே இந்த இலவசப் பயணம்? அப்படியானால் பயணமும் வேலையின் பகுதி. 1963ல் அப்படித் தீர்ப்பு எழுதியவர் கே. சுப்பாராவ். அதற்கு முன் இதே ஹைதராபாத்தில் ஆந்திரப் பிரதேச ஹைகோர்ட்டின் தலைமை நீதிபதியாக இருந்தவர்.

சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் கதி மட்டும் ரொம்ப காலம் இழுபறியாகவே இருந்தது. 1971ல் கேரளத்தில் ஒரு தொழிலாளி ஷிப்டுக்குப் போகும் வழியில், தொழிற்சாலைக்கு ஒரு கிலோமீட்டர் இப்பால், சைக்கிளில் அடிபட்டு காறை எலும்பு முறிந்தது. 25 வருஷம் கழித்து, 1996ல், ‘இது வேலை விபத்து அல்ல’ என்று சுப்ரீம் கோர்ட் முடிவு கட்டியது. பிறகு பார்லிமெண்டே தலையிட்டு 2010ல் ஈ.எஸ்.ஐ. சட்டத்தைத் திருத்தியது. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நடக்கும் விபத்தும், நேரமும் வழியும் வேலையோடு பொருந்தினால், வேலை விபத்துதான் என்று ஆயிற்று. ஆனால் ஈ.எஸ்.ஐ. இல்லாத தொழிலாளிக்கு? அவனுக்கு விடை கிடைத்தது 2025 ஜூலை 29ந் தேதிதான்.

அந்தக் கேஸின் கதையையும் சொல்லவேண்டும். மராட்டியத்தில் உஸ்மானாபாத் பக்கம் சர்க்கரை ஆலையில் ஒரு காவற்காரர். விடியற்காலை 3 மணிக்கு டியூட்டி. 2003 ஏப்ரல் 22ந் தேதி மோட்டார் சைக்கிளில் போகும்போது ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னே விபத்தில் இறந்தார். கமிஷனர் குடும்பத்துக்கு 3,26,140 ரூபாய் கொடுக்கச் சொன்னார். ஹைகோர்ட் 2011ல் அதை ரத்து செய்தது. சுப்ரீம் கோர்ட் நீதிபதி கே.வி. விசுவநாதன் எழுதிய தீர்ப்பு கமிஷனரின் உத்தரவை மீட்டுக்கொடுத்தது. காவற்காரர் அந்நேரத்தில் அந்த ரோட்டில் இருந்தது 3 மணி டியூட்டிக்காக, வேறெதற்காகவும் அல்ல என்பதே காரணம். விசுவநாதன் பொள்ளாச்சிக்காரர் என்பதில் நமக்கு ஒரு சின்ன திருப்தி. ஆனால் அந்த விதவை 22 வருஷம் காத்திருந்தார் என்பதை அந்தத் திருப்தி மறைத்துவிடக் கூடாது. புதிய தொகுப்புச் சட்டத்தில் இந்தப் போக்குவரத்து விதி எழுத்திலேயே இருக்கிறது.

இப்போது போய்குடாவுக்குத் திரும்பலாம். தூங்கினவன் வேலையில் இருந்தானா என்று கேட்பதே சரியான கேள்வி அல்ல. அவன் ஏன் அங்கே தூங்கினான் என்று கேட்கவேண்டும். கிடங்கு மாடியில் படுக்க இடம் கொடுத்தது யார், எதற்காக? காலையில் சீக்கிரம் ஆள் வேண்டும், இரவில் சரக்குக்குக் காவல் வேண்டும், வெளியே வாடகை கொடுக்கச் சம்பளம் போதாது என்பது விடையானால், அந்தப் படுக்கையும் வேலையின் எல்லைக்குள்ளேயே வருகிறது என்று வாதாட இடம் உண்டு. மாறாக, சொந்த சௌகரியத்துக்காக யாரோ சிநேகிதன் அறையில் படுத்திருந்தால் இல்லை. சிமெண்டு மூட்டைக்குப் பக்கத்தில் சைட்டிலேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுக்கும் நம் ஊர்க் கட்டடத் தொழிலாளிகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

‘வீட்டிலே விழுந்தேன்னு சொல்லு’

சட்டம் இவ்வளவு இடம் கொடுத்தும் பணம் எங்கே போகிறது? பெரும்பாலும் ஆஸ்பத்திரி வாசலில் போகிறது.

வந்தவாசிப் பக்கத்து ஆள் ஒருவர் அல்வாலில் குடியிருந்து சென்ட்ரிங் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 40. மரம் அறுக்கும் மெஷினில் வலது கட்டைவிரல் போய்விட்டது. மேஸ்திரி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறார். நல்ல மனிதர்தான், கையில் துணி சுற்றி, தண்ணீர் கொடுத்து, பணமும் கட்டுகிறார். வழியில் மட்டும் ஒரு வார்த்தை சொல்கிறார்: “தம்பி, போலீஸ் கேஸ் ஆயிட்டா உனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். வீட்டிலே விறகு வெட்டும்போது பட்டுதுன்னு சொல்லிடு. செலவெல்லாம் நான் பார்த்துக்கறேன்.” வலியில் இருப்பவர், “சரி அண்ணே” என்கிறார். டாக்டர் விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதிக்கொள்கிறார்.

அந்த ஒரு வரி பிறகு அழியாது. மூன்று மாதம் கழித்து மேஸ்திரி பம்பாய்க்கோ பெங்களூருக்கோ வேறு சைட்டுக்குப் போய்விடுவார். காண்ட்ராக்டரின் வக்கீல் அந்த ஆஸ்பத்திரிச் சீட்டைத் தூக்கிக் காட்டுவார். இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அதையேதான் காட்டும்.

அந்த வரிக்கு என்ன விலை என்று கணக்குப் பார்ப்போம். கணக்கு கஷ்டமானது அல்ல. ஆபீஸ் குமாஸ்தாக்கள் நிமிஷத்தில் போட்டுவிடுவார்கள். மாதச் சம்பளத்தில் பாதியை எடுத்து, வயதுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்கினால் மரணத்துக்கான நஷ்டஈடு. நிரந்தரமாக வேலையே செய்ய முடியாமல் போனால் பாதிக்குப் பதில் நூற்றுக்கு 60. வயது எண் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது: 20 வயதுக்கு 224.00, 30க்கு 207.98, 40க்கு 184.17, 50க்கு 153.09. சின்ன வயதானால் இன்னும் அதிக வருஷம் உழைத்திருப்பான் என்பதால் எண்ணும் பெரிது. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. 2020 ஜனவரி 3ந் தேதி முதல் அது 15,000 ரூபாய் என்று மத்திய அரசு அறிவித்தது.

2024ல் மாதம் 15,000 சம்பளம் வாங்கிய 30 வயதுத் தொழிலாளி இறந்திருந்தால், 7,500ஐ 207.98ஆல் பெருக்கி 15,59,850 ரூபாய். உயிர் பிழைத்து ஒன்றுமே செய்ய முடியாமல் கிடந்தால் 18,71,820. நம் சென்ட்ரிங்காரருக்கோ கட்டைவிரல்தான் போயிருக்கிறது. ஒரு கட்டைவிரலுக்கு உழைப்புத் திறனில் நூற்றுக்கு 30 இழப்பு என்று சட்டத்தின் பட்டியல் சொல்கிறது. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, ஒரு கண் போய் மற்றது நன்றாக இருந்தால் 40, ஒரு கை போனால் 60. 9,000ஐ 184.17ஆல் பெருக்கி அதில் 30 பங்கு எடுத்தால் 4,97,259 ரூபாய் வருகிறது. ஏறக்குறைய ஐந்து லட்சம். ‘வீட்டிலே பட்டுது’ என்ற வார்த்தையின் விலை அது. வைத்தியச் செலவு இதில் சேராது. 2009ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு உண்மையான வைத்தியச் செலவையும் முதலாளியே தனியாகத் தரவேண்டும்.

இந்தப் பட்டியலே கடைசி வார்த்தை என்றும் நினைக்கவேண்டியதில்லை. 1968 ஜூலை 6ந் தேதி ஒரிஸ்ஸாவின் ஜெய்ப்பூரில் ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேலே வெட்டி எடுக்கவேண்டி வந்தது. கொட்டகைக்காரர் சுப்ரீம் கோர்ட் வரை போனார்: இன்னொரு கை இருக்கிறதே, முழு நஷ்டஈடு எதற்கு? ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே தச்சனுக்கு இது முழு இழப்புதான் என்று 1975 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. அப்போதைய 9,800 ரூபாய், அதன்மேல் வட்டியும் அபராதமும். நஷ்டஈட்டுக் கடன் விபத்து நடந்த நாளிலேயே பிறக்கிறது என்று மேலே சொன்னது இந்தத் தீர்ப்பில்தான். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் நூற்றுக்கு 12 வட்டி. சரியான காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் தொகையில் பாதிவரை கூடுதலாகவும் விதிக்கலாம்.

முதலாளி சொல்லும் சாக்குகள்

“அவன் கவனக்குறைவு” என்பார்கள். கவனக்குறைவு இந்தச் சட்டத்தில் சாக்கே அல்ல. பாதுகாப்புக்காகத் தெளிவாகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறினால், மெஷினின் காப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றினால், குடித்திருந்ததால் விபத்து நேர்ந்தால் நஷ்டஈடு மறுக்கலாம். அதுவும் சாவு அல்லது நிரந்தர முழு ஊனம் ஏற்பட்டால் இந்த மூன்று சாக்கும் எடுபடாது. சாரத்திலிருந்து விழுந்து செத்தவனைப் பற்றி “குடிச்சிருந்தான் சார்” என்று சொல்லிக் கைகழுவுவது சட்டப்படி செல்லாது.

“அவன் எங்க ஆளே இல்லை, காண்ட்ராக்டர் ஆள்” என்பது அடுத்தது. காண்ட்ராக்டர் மூலம் வேலை வாங்கிய பெரிய கம்பெனியிடமே தொழிலாளி கேட்கலாம். கம்பெனி கொடுத்துவிட்டு காண்ட்ராக்டரிடம் வசூல் செய்துகொள்ளட்டும். “தினக்கூலி, நிரந்தரம் இல்லை” என்பதும் போயிற்று; தற்காலிக ஆட்களை ஒதுக்கும் வார்த்தைகளை 2000ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. குமாஸ்தாக்களுக்கும் ஒரு செய்தி: பழைய அட்டவணையில் பல தொழில்களுக்கு ‘எழுத்து வேலை பார்ப்பவர் நீங்கலாக’ என்று இருந்தது. கிடங்கில் கணக்கு எழுதும்போது ரேக் சரிந்து விழுந்தால் மூட்டை தூக்குகிறவனுக்கு உண்டு, கணக்குப்பிள்ளைக்கு இல்லை. 2009ல் அந்த வார்த்தைகளும் எடுக்கப்பட்டு, ‘தொழிலாளி’ என்பது ‘ஊழியர்’ என்று மாறியது.

ஈ.எஸ்.ஐ. உள்ளவர்கள் விஷயம் தனி. 2017 ஜனவரி முதல் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு அது பொருந்தும் என்று வைத்தார்கள். ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர் முதலாளியிடம் இந்த நஷ்டஈடு கேட்க முடியாது, கார்ப்பரேஷனிடம் கேட்கவேண்டும். அங்கே மொத்தத் தொகைக்குப் பதில் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் அளவில் உதவி, இறந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம். வேலை விபத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதே, நம்பர் என்ன என்று கேட்டு வைத்துக்கொள்ளாத ஆள் எத்தனை பேர்!

லாரி டிரைவர், கிளீனர்களுக்கு இரண்டு வாசல் திறந்திருக்கிறது. மோட்டார் விபத்து டிரிப்யூனலுக்கும் போகலாம், நஷ்டஈட்டு அதிகாரியிடமும் போகலாம். ஆனால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எது லாபம் என்பது கேஸுக்குக் கேஸ் மாறும்.

கையில் கொடுத்த பணம்

சாவு நேர்ந்தால் நடக்கும் காட்சி தெரிந்ததுதான். உடலை வண்டியில் ஏற்றும்போது காண்ட்ராக்டர் ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ கையில் திணிப்பார். ஊரிலிருந்து அழுதுகொண்டு வந்த மனைவியிடமோ தம்பியிடமோ ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து வாங்குவார்: ‘இனி எந்தப் பாத்தியதையும் இல்லை.’ கையெழுத்துப் போட்டாயிற்றே என்று குடும்பம் ஊரோடு முடங்கிவிடுகிறது.

அந்தப் பேப்பர் செல்லாது. நஷ்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் வெறும் காகிதம் என்று 1923லேயே எழுதிவிட்டார்கள். மரண நஷ்டஈட்டை முதலாளி குடும்பத்தின் கையில் கொடுக்கவே கூடாது. அதிகாரியிடம் கட்டவேண்டும், அவர் மனைவி மக்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். நேராகக் கையில் கொடுத்தது கொடுத்ததாகவே கணக்கில் வராது. கணக்கில் கழிக்கக்கூடியது முன்பணம் மட்டும். அதற்கும் மூன்று மாதச் சம்பளம் என்ற எல்லை உண்டு. பங்காளிகளும் ஊர்ப் பெரியவர்களும் நடுவில் புகுந்து பங்கு கேட்பதைத் தடுக்க அன்றே யோசித்து வைத்த ஏற்பாடு இது.

நிரூபிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆள் இங்கே, இவருக்காக வேலை செய்தார். 2025 ஜூன் 30ந் தேதி பாசமைலாரத்தில் மருந்துப் பொருள் தொழிற்சாலை வெடித்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டபோது எட்டுப் பேரின் உடலே கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு ஆள் உள்ளே இருந்தார் என்று சொல்ல வருகைப் பதிவும், கேட் பாஸும், கூட வேலை செய்தவர் வாக்கும்தான் மிஞ்சும். கட்டட சைட்டில் அதுவும் இருக்காது. அங்கே உதவுவது மேஸ்திரி போன் மூலம் அனுப்பிய கூலிப் பணத்தின் பதிவு, சைட்டில் எடுத்த போட்டோ, பக்கத்தில் நின்றவர்களின் ஊர்ப் பெயரும் போன் நம்பரும். ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘இன்ன இடத்தில் வேலை செய்யும்போது’ என்ற வார்த்தை இருக்கவேண்டும். டாக்டர் கேட்கும்போது அடிபட்டவரால் பேச முடியாவிட்டால் கூடப் போனவர் சொல்லவேண்டும்.

மனு கொடுக்க இரண்டு வருஷம் அவகாசம். தாமதத்துக்குத் தக்க காரணம் சொன்னால் அதற்குப் பிறகும் அதிகாரி ஏற்றுக்கொள்ளலாம். இங்கே கேட்கவேண்டிய இடம் தொழிலாளர் இலாகா. ஹைதராபாத்தில் ஆர்.டி.சி. கிராஸ் ரோட்டில் அதன் தலைமையகக் கட்டடத்துக்கு டி. அஞ்சையாவின் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆல்வின் தொழிற்சாலையில் கூலித் தொழிலாளியாகத் தொடங்கி, தொழிற்சங்கத் தலைவராகி, 1980ல் முதலமைச்சரானவர் அவர்.

எந்த மொழியில் சொல்வார்கள்?

வேலைக்கு எடுக்கும் அன்றே நஷ்டஈட்டு உரிமையைப் பற்றி ஊழியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று 2017ல் ஒரு திருத்தம் வந்தது. தெரிவிக்காவிட்டால் 50,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம். புதிய தொகுப்பிலும் இந்தக் கடமை தொடர்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் எந்த மொழியில்? இங்கிலீஷ், ஹிந்தி அல்லது வேலை நடக்கும் பிரதேசத்தின் ஆட்சிமொழி. இவற்றில் ஊழியருக்குப் புரிவது எதுவோ அது. அல்வாலில் வேலை செய்யும் தமிழருக்கு இம்மூன்றும் புரியாவிட்டால் என்ன செய்வது என்று சட்டம் சொல்லவில்லை. பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத் தெலுங்கு தெரிந்த மனிதரிடம் நான்கு பக்கத் தெலுங்கு நோட்டீஸைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால், கடமை முடிந்ததாகவே காகிதம் காட்டும். தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவோடு இதையும் கொஞ்சம் கவனித்தால், இரண்டு பக்கத்தில் தமிழில் அச்சடித்துக் கொடுப்பது பெரிய செலவல்ல.

பிழைக்க வந்தவர்களுக்கு எல்லாவற்றையும்விட உபயோகமான விதி ஒன்று இருக்கிறது. அது 1995ல் வந்தது. அதற்கு முன் விபத்து நடந்த ஊரில்தான் கேஸ் போடவேண்டும். வந்தவாசியிலிருந்து ஒரு விதவை வாய்தாவுக்கு வாய்தா ஹைதராபாத் வந்து, மொழி தெரியாமல், தங்க இடமில்லாமல் எத்தனை தடவை அலைவார்? இரண்டாவது தடவையோடு விட்டுவிடுவார். 1995 செப்டம்பர் முதல் மனு கொடுப்பவர் வழக்கமாக வசிக்கும் ஊரின் அதிகாரியிடமே கொடுக்கலாம் என்று ஆயிற்று. புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. வந்தவாசிப் பெண் தன் மாவட்டமான திருவண்ணாமலையில், தமிழில் பேசி, மனுவைக் கொடுக்கலாம். இங்குள்ள அதிகாரிக்கு அங்கிருந்து அறிவிப்பு வரும், காண்ட்ராக்டர்தான் அங்கே போய்ப் பதில் சொல்லவேண்டும். மனுவில் விபத்து நடந்த இடம் என்ற பத்தியில் மட்டும் தெருவும் சைட்டின் பெயரும் சேர்த்து அல்வால் என்று சரியாக எழுதியிருக்க வேண்டும்.